பூ பிழைத்தால் போகலாம்

மாமியார் கெர்ட்ரூட் பந்தயம் கட்டியது ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த சூட்டில். கோழிக்கறிச் சட்டியை மேசையில் இறக்கி வைத்து, சிலுவை போட்டு, ஜெபம் சொல்லி, ஆமென் என்று முடித்த வாயை மூடாமலே தொடங்கிவிட்டாள்.

“அந்தப் பூ உசுரோட புது வீட்டுக்குப் போய்ச் சேரட்டும், நீங்களும் போங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வழியில செத்துச்சுன்னா அது ஆண்டவர் காட்டுற அடையாளம். ஷான் இங்கேயே இருப்பான்.”

தினேஸ்வரி கணவனைப் பார்த்தாள். இதென்ன பேச்சு மம்மி என்று அவன் சிரிப்பான் என நினைத்தாள். ஷான் வாயிலிருந்த கோழிக்காலை வெளியே எடுத்து, அதனிடம் யோசனை கேட்பவன் போலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அதுவும் சரிதான்லா” என்றான்.

வீடு வாங்கியாயிற்று. சாவி கைக்கு வந்தாயிற்று. கோப்பெங்குக்கும் காம்பாருக்கும் நடுவே, பழைய ரப்பர்த் தோட்டத்தை வழித்துவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பில் முனை வீடு. மின்சாரம் வந்து, தண்ணீர் வந்து, திரைச்சீலைகூடத் தொங்கியது. ஷான் மட்டும் ஜெலாப்பாங்கில் இருந்த அம்மா வீட்டை விட்டு நகரவில்லை. முதலில் சாக்கடை வேலை முடியட்டும் என்றான். பிறகு சீனப் பெருநாள் முடியட்டும் என்றான். பிறகு தவக்காலத்தில் யாராவது வீடு மாறுவார்களா என்று கேட்டான். சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்ததால் ஒரு வேலை நேர்காணலுக்கே போகாமல் திரும்பியவன் அவன். அடையாளம் காட்டாமல் அவனைக் கட்டிலில் இருந்துகூட எழுப்ப முடியாது.

தினேஸ்வரிக்கு வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஓர் அடுப்படி. மாமியார் வீட்டுக் குளிர்பெட்டியில் அவளுக்குக் கிடைத்த இடம் முட்டை வைக்கும் தட்டு. அதிலும் பாதியில் மாமனாரின் கண் சொட்டு மருந்து. அவளுடைய ஊறுகாய் போத்தல்கள் சலவை இயந்திரத்தின் மேல் நின்றன. துணி சுழலும்போதெல்லாம் அவையும் ஆடின. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் சத்தமாகச் சொன்ன வாக்கியம் அநேகமாக “சரிங்க அத்தை” ஒன்றுதான். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் பெட்டி அடுக்கும் வேலையிலும் அவள் பேசமாட்டாள். பெட்டிகள் பதில் சொல்லாது என்பதால் அங்கே அது தெரியவில்லை.

அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது மீன் தொட்டி. கடல் தண்ணீர்த் தொட்டி. பெண்ணுக்குச் சீராகக் குளிர்பெட்டி வரும், கட்டில் வரும் என்று காத்திருந்த கெர்ட்ரூட்டின் வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டியும் உப்பு மூட்டையும் வந்து இறங்கின. “கருவாடு போடப் போறியாம்மா?” என்று அன்றைக்குக் கேட்டவள், பிறகு அந்தத் தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள். காரணம் இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு, ஏதோ திருவிழாவுக்குக் கிளம்பியவை போல எந்நேரமும் குலுங்கிக்கொண்டு திரியும். பெரியதற்கு ராயப்பன், சிறியதற்குச் சின்னப்பன் என்று இரண்டு அப்போஸ்தலர்களின் பெயர்களைக் கெர்ட்ரூட்டே வைத்தாள். புனித வெள்ளியன்று இரண்டுக்கும் இறால் கிடையாது.

கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகப் பிறக்கும் என்பதும், ஜோடி சேர்ந்ததும் பெரியது பெண்ணாகிவிடும் என்பதும் தினேஸ்வரிக்குத் தெரியும். ஆகவே ராயப்பன் ராயப்பன் இல்லை. இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? வாங்கின முதல் வாரத்திலிருந்து அந்த உண்மையை அவள் தொண்டையிலேயே வைத்திருந்தாள்.

மீன்கள் இரண்டும் குடியிருந்தது கடற்சாமந்தியில். வீட்டில் எல்லோரும் அதைப் பூ என்றார்கள். பார்க்கவும் பூதான், நுனியில் குமிழ் குமிழாக, பச்சையும் பழுப்புமாக, காற்றில்லாமலே ஆடும். ஆனால் அது விலங்கு. ஒரு கால், ஒரு வயிறு, ஒரு வாய். உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான் என்று தெரிந்த நாளிலிருந்து கெர்ட்ரூட் அதைப் பார்த்தபடி சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

அந்த விலங்கைத்தான் இப்போது உயிரோடு கொண்டுபோக வேண்டும். அது செத்தால் ஊறுகாய் போத்தல்கள் ஆயுசுக்கும் ஆடிக்கொண்டே இருக்கும்.

தினேஸ்வரி புது வீட்டில் தொட்டியை முன்பே நிறுத்தி, தண்ணீரைப் பழக்கி வைத்திருந்தாள். தண்ணீர் இழுக்கும் மோட்டார் வாய்களில் பஞ்சு கட்டியிருந்தாள். புது இடத்தில் பூ கால் ஊன்றுமுன் மிதந்துபோய் மோட்டாரில் மாட்டினால் அரைத்த சட்னிதான். கிளம்புகிற சனிக்கிழமைக்கு முன்பே பூவுக்குத் தீனியை நிறுத்தினாள்.

“பிரயாணம் போறவங்களைப் பட்டினியாவா அனுப்புவாங்க?” என்றாள் கெர்ட்ரூட்.

“வயித்துல இருந்தா வழியில கக்கும் அத்தை. தண்ணி கெட்டுரும்.”

“ஷான்கூட அப்படித்தான். சின்ன வயசுல கேமரன் மலைக்குப் போகும்போது…”

“மம்மி!” என்றான் ஷான்.

சனிக்கிழமை காலையிலேயே பெர்ச்சாம் ஃபிளாட்டிலிருந்து தினேஸ்வரியின் அம்மா ராக்காயி வந்து இறங்கினாள், கையில் ஒரு பால் வாளியோடு. புது வீடு கட்டியிருக்கும் அதே தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டிய காலத்தில் அந்த ரப்பர்ப் பாலைச் சுமந்த வாளி. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் தூக்கி வந்தவள்.

“இதுல வை உன் பூவை. ஒரு சொட்டு சிந்தாது.”

“உலோகம் ஆகாதும்மா. தண்ணியில எந்த உலோகமும் படக் கூடாது. செம்பு, பித்தளை, தகரம், எதுவும். அத்தை, உங்களுக்கும்தான் சொல்றேன்.”

இரண்டு அம்மாக்களும் தலையாட்டினார்கள். ஏன் கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அவள் பேச்சில் அன்று அதுவே பெரிய கச்சேரி.

பூவைப் பெயர்ப்பதுதான் கஷ்டமான வேலை. அதன் கால் பாறையில் ஒட்டியிருந்தது. பிடித்து இழுத்தால் கால் கிழியும், கிழிந்தால் அழுகும். தினேஸ்வரி கையுறை போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் கட்டியைப் பாறையின் பின்பக்கம் அழுத்தினாள். குளிர் பட்டதும் பூ சிணுங்கிச் சுருங்கியது. காலாவதியான பேரங்காடி அட்டை ஒன்றைக் காலுக்கும் பாறைக்கும் நடுவே மெல்ல நுழைத்து, கூச்சம் காட்டுவது போல நகர்த்தினாள்.

“ஏடிஎம்-ல காசு எடுக்கிற மாதிரியே இருக்கு” என்றார் மாமனார் சூசைநாதன். ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் பேசுவார், அன்றையது முடிந்தது.

ராயப்பன் வந்து தினேஸ்வரியின் கட்டைவிரலைக் கடித்தது. சின்னப்பன் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அரைமணி நேரக் கெஞ்சலுக்குப் பிறகு கால் ஓர் ஓரம் விட்டது, பிறகு இன்னொரு ஓரம், பிறகு மொத்தப் பூவும் பிழிந்துபோட்ட ரவிக்கை மாதிரி மிதந்து அவள் உள்ளங்கைக்கு வந்தது. கிழியவில்லை. தினேஸ்வரிக்கு அழுகை வந்தது. ஆட்கள் இருந்ததால் அழவில்லை.

நீல மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் பூ. சிவப்பு மூடி வாளியில் மீன்கள். ஒன்றாக வைத்தால் ஆட்டத்தில் இடிபட்டு மீனும் போகும், பூவும் போகும். மிச்சத் தொட்டித் தண்ணீரைக் கேன்களில் பிடித்து, சூசைநாதனின் வேனில் சோபாவோடு ஏற்றினார்கள். காற்றுக் குழாயை மறந்துவிட்டு வந்த தினேஸ்வரி அதை எடுக்க உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கெர்ட்ரூட் நீல மூடியை உள்ளங்கையால் தட்டி மூடிக்கொண்டிருந்தாள்.

“சும்மா போய்ட்டு வான்னு சொன்னேன்” என்றாள், கேட்காமலே.

ஷான் காரை எடுத்தான். தினேஸ்வரி முன்னால், மடியில் மீன் வாளியோடு. ராக்காயி பின்னால், இரண்டு கால்களுக்கு நடுவே பூ வாளியோடு. பின்னால் வேனில் மாமனாரும் மாமியாரும்.

“இதை என்கிட்ட விடு. வாளி நிறையப் பாலோட பள்ளத்துல இறங்கி ஏறுன காலு இது” என்றாள் ராக்காயி.

நெடுஞ்சாலை ஏறியதும் ஷான் வேலையைத் தொடங்கினான். “முன்னாடி போற லாரியைப் பாரு. நம்பர் பிளேட்டுல எல்லாம் நாலு.”

“அதுக்கு?”

“சீனங்களுக்கு நாலுன்னா சாவு.”

“நீங்க சீனரா?”

“அடையாளத்துக்கு என்ன ஜாதி, தினேஸ்?”

அவள் அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் பின்னால் ஒரு மூடி திறந்து மூடியிருக்க வேண்டும். சிம்பாங் பூலாய் தாண்டும்போது வேனைப் பின்கண்ணாடியில் காணவில்லை. தினேஸ்வரி மாமியாருக்குப் போன் போட்டாள்.

“உங்க மாமா மாட்டு வண்டி ஓட்டுறாரு” என்றாள் கெர்ட்ரூட். “சைக்கிள்காரன் ஒருத்தன் எங்களைத் தாண்டிப் போய்ட்டான். சாவிக்கொத்துல கிறிஸ்தோபரைக் காணோமாம். அவர் இல்லாம மூணாவது கியர் போடமாட்டாராம்.”

பயணிகளைக் காக்கும் புனித கிறிஸ்தோபரின் பதக்கத்தைச் சூசைநாதன் லாரி ஓட்டிய காலம் முழுக்கச் சாவியில் தொங்கவிட்டிருந்தார். “எங்க போச்சுன்னு தெரியல” என்று சொன்ன கெர்ட்ரூட்டின் குரல் அளவுக்கு மீறி அப்பாவியாக இருந்தது. தினேஸ்வரிக்கு அதை யோசிக்க நேரமில்லை. காருக்குள் மஞ்சள் வாசனை அடித்தது.

அம்மா பூசிய மஞ்சளாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். கோப்பெங்கில் நெடுஞ்சாலை இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். நீல மூடியின் விளிம்பில் மஞ்சளாக ஒரு சொட்டு நின்றது.

“ஷான், ஓரம் கட்டு!”

அவள் கத்தி அவன் கேட்டதில்லை. சாலையோரம் ஆளில்லாத டுரியான் பழக் கொட்டகை ஒன்றின் நிழலில் கார் தானாகவே போய் நின்றதுபோல நின்றது. அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே பூவுக்கு மஞ்சள் நீராட்டு நடந்து முடிந்திருந்தது. தண்ணீர் கெட்டி மஞ்சள். அடியில் பூ, சப்பிப் போட்ட மாங்கொட்டை அளவுக்குச் சுருங்கி, வாயைப் பிளந்து கிடந்தது.

“செத்துருச்சு” என்றான் ஷான். அந்தக் குரலில் துக்கமும் இருந்தது, வீட்டுக்குத் திரும்பிப் போய் அம்மா கறி சாப்பிடலாம் என்ற நிம்மதியும் இருந்தது. “நான் சொன்னேன்ல, அந்த லாரி…”

தினேஸ்வரி வாளிக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். அவிழ்த்தாள். பழைய ஒரு சென் செம்புக்காசு.

“அம்மா!”

“நம்ம தோட்டத்து மூணாம் டிவிஷன் முனியாண்டிக்கு நேந்துகிட்டேன்டி. பூ நல்லபடியா சேரட்டும், நீ நல்லபடியா குடி போகணும்னு. அவரு எல்லையில குடி போறோம், அவருகிட்ட சொல்லாம போலாமா?”

“உலோகம் கூடாதுன்னு சொன்னேனே!”

“காசுடி அது!”

தினேஸ்வரி அம்மாவைத் திட்ட வாய் திறந்தபடியே மறுபடி கையை விட்டாள். விரலில் இன்னொன்று பட்டது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் கிறிஸ்தோபர், பித்தளையில். முழங்கால் தண்ணீரில் நடப்பவர் இந்த முறை மொத்தமாக முங்கியிருந்தார்.

காலையில் மாமியார் நீல மூடியைத் தட்டி மூடியது அவளுக்கு நினைவு வந்தது. ஜெயிக்கிறதுக்காகவா? மாமியாருக்குச் செம்பும் பித்தளையும் பூவைக் கொல்லும் என்று தெரியுமா? தெரியாது. தான் சொல்லவே இல்லை. அப்படியானால் இதை எதற்குப் போட்டாள்?

வேன் ஊர்ந்து வந்து சேர்ந்தது. சூசைநாதன் இறங்கினார். மருமகள் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“என் கிறிஸ்தோபர்!” ஒரே நாளில் இரண்டாவது வாக்கியம்.

எல்லோரும் கெர்ட்ரூட்டைப் பார்த்தார்கள். அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“என்ன பாக்கிறீங்க? பந்தயம் கட்டுனேன், இல்லேங்கல. அதுக்காக ஒரு உசுரைத் துணை இல்லாமலா அனுப்புவேன்? தண்ணியில போறதுக்குத் தண்ணியக் கடக்கிறவரைப் போட்டேன். இவருக்கு ரோட்டுல என்ன ஆபத்து, சைக்கிளை விட மெதுவாத்தானே ஓட்டுறாரு?”

“அத்தை, உலோகம்…”

“புனிதர் எப்படிலா உலோகம் ஆவார்?”

“அதான் சம்பந்தி நானும் கேக்கிறேன்!” என்றாள் ராக்காயி. “நேந்த காசு எப்படி உலோகமாவும்?”

கல்யாணப் பந்தலில் பாயசத்துக்கு ஜவ்வரிசியா சேமியாவா என்று சண்டை போட்டதிலிருந்து இரண்டு சம்பந்திகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. ஒற்றுமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. கெர்ட்ரூட் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “மஞ்சளைக் கலக்கிக் கொன்னுட்டாரு உங்க முனியாண்டி” என்றாள்.

“உங்க ஆளுதான் முதல்ல உள்ள இறங்கினாரு. எங்க சாமி வந்தது நடு வழியிலதான்.”

“இறங்குனவர் காப்பாத்திக்கிட்டு இருந்தாரு. நீங்க வந்து காச்சாவ் பண்ணிக் கெடுத்துட்டீங்க!”

“எப்படியோ செத்துருச்சுலா” என்று நடுவில் புகுந்தான் ஷான். “மம்மி, பந்தயப்படி பார்த்தா…”

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள்.

“யாரு செத்தா?” என்றாள் கெர்ட்ரூட்.

“வாயக் கழுவுங்க மாப்ள” என்றாள் ராக்காயி.

ஷான் ஓர் அடி பின்னால் போனான். நடந்தது இதுதான். பூ செத்தால் பந்தயத்தில் கெர்ட்ரூட் ஜெயிப்பாள். ஆனால் கிறிஸ்தோபர் தோற்பார். துணைக்குப் போட்ட புனிதர் கூடவே இருந்தும் பிரயாணி செத்துப்போனது என்று இந்த ராக்காயி பெர்ச்சாம் ஃபிளாட் மாடி மாடியாக ஏறிச் சொல்வாள். ராக்காயிக்கும் அதே கணக்கு. முனியாண்டி தன் எல்லைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் கைவிட்டுவிட்டார் என்று இந்தக் கெர்ட்ரூட் கோயில் வாசலில் நின்று மற்ற பெண்களிடம் சிரிப்பாள். ஆக, இந்த மாங்கொட்டை பிழைத்தே ஆக வேண்டும் என்று பேராக் மாநிலத்தில் இப்போது மூன்று பெண்கள் விரும்பினார்கள்.

கெர்ட்ரூட் குனிந்து வாளிக்குள் மூக்கை விட்டு இழுத்தாள். “நாறல. மீன் பாசார்ல செத்தது எது, சாகாதது எதுன்னு மூக்காலேயே சொல்வேன். உசுரு இருக்கு. மயக்கம்தான். நடிக்குது.”

“என்ன செய்யணும், சொல்லுடி” என்றாள் ராக்காயி.

எல்லோரும் தினேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். பிறகு, பேசாமல் இருந்தால் பூ போகும், அடுப்படி போகும் என்று புரிந்து நிமிர்ந்தாள்.

“மாமா, வேன்ல இருந்து தண்ணிக் கேனை எடுங்க. ஷான், காலையில வச்ச ஐஸ் பெட்டியைக் கொண்டா, கேன் சூடாயிருந்தா அதுல நிறுத்தணும். அம்மா, அந்த வாளியை நீங்க தொடாதீங்க. அத்தை, குடையப் பிடிங்க, வெயில் படக் கூடாது. ரெண்டு பேரும் கைப்பையத் தூர வைங்க. உள்ள இன்னும் யாராச்சும் சாமி இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

கெர்ட்ரூட் கைப்பையைப் போய்க் காரில் வைத்துவிட்டு வந்தாள். அதற்குள் யார் யார் இருந்தார்களோ.

தினேஸ்வரி மீன் வாளியைத் திறந்து பார்த்தாள். அது கலங்காமல் இருந்தது, ராயப்பன் முறைத்தது. அதை மூடிவிட்டு, பூ வாளியின் மஞ்சள் தண்ணீரை மெல்லச் சாய்த்து ஊற்றினாள். பூ தண்ணீரோடு வராமல் உள்ளங்கையைத் தடுப்பாக வைத்துக்கொண்டாள். கேனில் இருந்த பழைய தொட்டித் தண்ணீரைக் கையில் தொட்டுச் சூடு பார்த்து, வாளியின் சுவரோரமாக ஒழுகவிட்டாள். மறுபடி சாய்த்தாள், மறுபடி ஊற்றினாள். கெட்டி மஞ்சள் இளமஞ்சளாகி, தேநீர்ப்பையை ஒரு தடவை முக்கியெடுத்த நிறமாகி, ஒருவழியாகத் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. டுரியான் கொட்டகையைச் சுற்றி மண்ணெல்லாம் மஞ்சள். அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் வேகம் குறைத்து, ஏதோ பூசை போலிருக்கிறது என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

பூ அசையவில்லை. ஆனால் பிளந்திருந்த வாய் மூடியிருந்தது.

“பார்த்தியா” என்று இரண்டு அம்மாக்களும் அவரவர் ஆளை நினைத்துச் சொன்னார்கள்.

கிறிஸ்தோபர் சாவிக்கொத்துக்குத் திரும்பியதும் சூசைநாதன் வேனை விரட்டிய விரட்டில் சோபா ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தாமானுக்குள் நுழைந்தபோது, வீடுகள் கட்டியபோது மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்த முனியாண்டியைப் பார்த்து ராக்காயி காரிலிருந்தே கையெடுத்தாள். புது வீட்டைப் பாத்திரம் பண்டத்தோடு முதல் தடவையாகச் சுற்றிப் பார்த்தவள், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்று ஜன்னல் வழியே மேட்டையும் பள்ளத்தையும் கணக்குப் பார்த்தாள்.

“ஏண்டி, இங்கயா மேசை போட்ட?”

“ஏம்மா?”

“நெரை நெரையா மரம் வெட்டிட்டு இருக்கும்போது அவசரம்னா நாங்க ஒதுங்குற இடம் இதுதான்.”

கெர்ட்ரூட் மேசையில் வைத்திருந்த கையை எடுத்தாள்.

தினேஸ்வரி இதையெல்லாம் கேட்கவில்லை. தொட்டியின் மோட்டார்களை அணைத்தாள். மெல்லிய குழாய் வழியாகப் புதுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு வாளிகளிலும் விட்டுப் பழக்கினாள். பிறகு கையுறையோடு பூவைத் தூக்கி, அதற்கென்று தேடிப் பிடித்து வாங்கி வைத்திருந்த குழிவான பாறையில் உட்காரவைத்தாள். பூ உட்காரவில்லை. சரிந்து, உருண்டு, மணலில் கவிழ்ந்தது. மீன்களை விட்டாள். இரண்டும் மூலைக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

“நான் வேணா ஒரு குச்சியால லேசா நிமித்தி…” என்று கெர்ட்ரூட் எழுந்தாள்.

“கை வைக்காதீங்க அத்தை. அதுவா கால் ஊனணும்.”

கெர்ட்ரூட் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான், மருமகள் தன்னை உட்கார வைத்துவிட்டாள் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆனால் எழவில்லை.

ஷான் கோப்பெங்குக்குப் போய்ச் கடைச் சோற்றைப் பொட்டலமாகத் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வந்தான். துக்க வீட்டில் உட்காருவது போல எல்லோரும் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். மேசைக்கு யாரும் போகவில்லை. கெர்ட்ரூட் வாய்க்குள்ளேயே ஜெபமாலை உருட்டினாள். ராக்காயி முனியாண்டியிடம் விலையை ஏற்றிக்கொண்டிருந்தாள்; கோழியில் ஆரம்பித்து ஆட்டுக்கு வந்திருந்தாள். ஷான் மட்டும் தொட்டியைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தான்.

“ஒருவேளை செத்துட்டா, தினேஸ்…”

“செத்தாலும் நான் இங்கதான் இருப்பேன்” என்றாள் அவள். தான் அதைச் சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “நீங்க வேணா அடையாளம் பார்த்துட்டு வாங்க.”

ஷான் சோற்றை மென்றான். விழுங்க மறந்துவிட்டான்.

வெயில் சாய்ந்து ஜன்னல் கம்பிகளின் நிழல் தொட்டிமேல் விழுந்த நேரத்தில், மணலில் கவிழ்ந்திருந்த மாங்கொட்டை ஒரு பக்கம் வீங்கியது. பிறகு தவழ ஆரம்பித்தது. காசு கொடுத்து வாங்கிய பாறையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த பிளாஸ்டிக் குழாயின் அடியில், எல்லாவற்றிலும் அசிங்கமான இடத்தில், கால் ஊன்றி ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு விரலாக நீட்டியது. முழுசாக இல்லை, பாதி. நிறமும் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் ஆடியது.

ராயப்பன் முதலில் வந்தது. ஒரு விரலை உரசிப் பார்த்தது. இன்னொன்றை. பிறகு, வீட்டுக்கு வந்த ஆள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்வது போல, குமிழ்களுக்கு நடுவே புதைந்து உட்கார்ந்தது. சின்னப்பன் அருகில் வந்தபோது ஒரு முட்டு முட்டி வெளியே தள்ளியது.

“அல்லேலூயா” என்றாள் கெர்ட்ரூட்.

“முனியாண்டி” என்றாள் ராக்காயி.

“தண்ணி மாத்துனது நான்” என்றாள் தினேஸ்வரி. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளும் விட்டுவிட்டாள். இரண்டு சாமிகளுக்கும் இந்த வீட்டில் நல்ல பேர் கிடைத்தால் அவளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஷான் விழுங்கினான். “அடையாளம்லா இது” என்று சொல்லி எழுந்து, கார் டிக்கியிலிருந்து அவனுடைய துணிப்பெட்டியைத் தூக்கி வந்தான். காலையிலிருந்து அதை இறக்காமலே வைத்திருந்தான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

கெர்ட்ரூட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்படிக்குள் போனாள். புது அலமாரியைத் திறந்து மூடினாள். அடுப்புக்கு இடது பக்கம் இருந்த உப்பு ஜாடியைத் தூக்கி வலது பக்கம் வைத்தாள். அதைப் பார்த்து நின்ற தினேஸ்வரி, ஜாடியை எடுத்துத் துடைத்து, மறுபடி இடது பக்கம் வைத்தாள். கெர்ட்ரூட் ஜாடியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். “சரிம்மா” என்றாள்.

வேன் கிளம்பும் நேரம். கெர்ட்ரூட் தொட்டிக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை குனிந்தாள். “ராயப்பா, சின்னப்பா, வாரேன். சண்டை போடாம இருங்க. புனித வெள்ளியன்னிக்கு இறால் கேட்டு அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க.” குரல் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்க மூக்கைச் சிந்தினாள்.

தினேஸ்வரி சொந்த அடுப்படியின் வாசலில் நின்றாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தொண்டையில் வருஷக்கணக்கில் மாட்டியிருந்ததுதான் முதலில் வந்தது.

“அத்தை, ஒரு விஷயம். ராயப்பன் பொம்பளை.”

ஷான் பெட்டியை நழுவவிட்டான். கெர்ட்ரூட் தொட்டியின் பக்கம் திரும்பி, பூவின் நடுவே வீற்றிருந்த அந்தப் பெரிய மீனையும், ஓரத்தில் இடம் கிடைக்குமா என்று காத்து நின்ற சிறிய மீனையும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அதான் பார்த்தேன்” என்றாள். “வந்த நாளையிலேர்ந்து அந்தச் சின்னப்பனை வாயத் திறக்க விடல.”

வாசலில் சாவிக்கொத்தோடு நின்ற சூசைநாதன் சிரிக்க ஆரம்பித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது தினேஸ்வரிக்கு அன்றுதான் தெரிந்தது.